உறுதிப்பூசுதலுக்குப் பிறகு: புதுக்கோட்டைத் திருச்சபைகளும் பதின்பருவப் பிள்ளைகளும்

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை பன்னிரண்டு வயதுவரை கோவிலுக்குத் தவறாமல் வருவதில் வியப்பில்லை. அம்மா கைப்பிடித்து அழைத்து வருகிறாள். ஞாயிறு வகுப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையன் வேடமோ வானதூதர் வேடமோ காத்திருக்கிறது. அதே பிள்ளை இருபத்தைந்து வயதுக்கு மேல் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் சமயத்தில் மறுபடி பங்குத்தந்தை முன்னோ ஆயர் முன்னோ வந்து நிற்பதும் வழக்கம்தான். இடையில் வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஒருவர் எதை நம்பி வாழ்வது, யாரோடு சேர்வது, எதற்குத் தலைவணங்குவது, எதற்கு வணங்க மறுப்பது என்பதெல்லாம் முடிவாகிற வயது அது. அந்த வயதில் திருச்சபை அவர்களோடு இருக்கிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் முன்னோர் இந்த வயதினரை எப்படி நடத்தினார்கள், இன்று மூன்று விதமான சபைகள் என்ன செய்கின்றன, ஆய்வாளர்கள் என்ன கண்டிருக்கிறார்கள், இந்த மண்ணுக்கே உரிய சிக்கல்கள் எவை என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. நம்மிடம் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்து, ஆண்டுக்கணக்கில் உடன் நடக்கும் பெரியவர்களுக்குத்தான் பஞ்சம்.

மாவட்டத்தின் அமைப்பு

1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த தொண்டைமான் சமஸ்தானத்தை நடுவில் வைத்து, திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14இல் உருவானது புதுக்கோட்டை மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 16.18 லட்சம். அதில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய நாலரைப் பேர். தொகையாகச் சொன்னால் எழுபதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். கன்னியாகுமரியிலோ தூத்துக்குடிக் கடற்கரையிலோ இருப்பதுபோல் ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள் என்ற நிலை இங்கே அபூர்வம். மானாவாரி நிலமும் கண்மாயுமான கிராமங்களில் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தால் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கலாம், யாருமே இல்லாமலும் போகலாம்.

நிர்வாகமும் சிதறித்தான் கிடக்கிறது. கத்தோலிக்கப் பங்குகள் திருச்சி, தஞ்சை ஆகிய இரு மறைமாவட்டங்களுக்குள் பிரிந்துள்ளன. தென்னிந்தியத் திருச்சபையின் சபைகள் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தில் அடங்கும். 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் திருச்சி. எந்தப் பெரிய சபையின் தலைமையும் மாவட்டத்துக்குள் இல்லை. ஆகவே இளைஞர் பணிக்கான திட்டம் நகரத்தில் தீட்டப்பட்டு, கந்தர்வக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் சுற்றறிக்கையாக வந்து சேர்கிறது. திருச்சி நகரப் பங்கில் நூறு பிள்ளைகளை வைத்து நடத்தும் முகாமை, ஒன்பது பிள்ளைகள் மட்டுமே இருக்கும் கிளைக்கோவிலில் எப்படி நடத்துவது என்று அந்தச் சுற்றறிக்கை சொல்வதில்லை. இம்மாவட்டத்துக்கு ஏற்ற இளையோர் பணியை, சிறு எண்ணிக்கையை ஒரு குறையாக எண்ணாமல் அதையே அடித்தளமாகக் கொண்டு நாம் யோசிக்க வேண்டும்.

முன்னோர் நடந்த வழி

பதின்பருவத்துக்கெனத் தனிப் பணி என்ற எண்ணம் புதியது. ஆனால் இளையோரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். தமிழில் செபங்களைக் கற்பித்து, வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவற்றைச் சொல்லிக்கொடுக்க அவர்களையே அனுப்பினார். அவரை அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை அச்சிட்டார். பின்னது வினா விடையாக அமைந்தது. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்க், அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசமோ, வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் ஆக்கப்பட்டது. விசுவாசத்தின் முதல் வகுப்பறை வீடுதான் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று பக்கத்துத் தஞ்சையில் கிடைக்கிறது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, தகப்பனாரின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்து வந்தார். தம்மோடு வைத்துக்கொண்டார், கற்பித்தார், தரங்கம்பாடிக்கு அனுப்பி மேலும் படிக்க வைத்தார். இருபது வயது நிறைவதற்குள் அந்த இளைஞரிடம் பள்ளிப் பொறுப்பே வந்தது. தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கும் இலக்கியத்துக்கும் அடித்தளமிட்ட வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவர்தான். அதே காலத்தில் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் இன்னொரு சிறுவரும் வளர்ந்தார்: பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆனாலும் சுவார்ட்ஸ் ஐயரைத் தந்தையாக மதித்து, அவர் மறைந்தபின் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச்சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோவிலில் நிறுவினார். ஒரே பெரியவரின் நிழலில் வளர்ந்த இருவரில் ஒருவர் விசுவாசப் பாடகரானார். மற்றவர் தம் சமயத்திலேயே நின்று அன்பை மட்டும் நன்றியோடு ஏற்றார். இருவரிடமும் அன்பு குறைபடவில்லை, யாரும் வற்புறுத்தப்படவும் இல்லை. இளையோர் பணியின் இலக்கணம் இந்த ஒரு வரலாற்றிலேயே இருக்கிறது.

புதுக்கோட்டை மண்ணுக்குள்ளும் வேர்கள் ஆழமானவை. சேசு சபையாரின் பழைய மையமான ஆவூரில் 1747இல் எழுந்த பெரியநாயகி மாதா கோவில் இன்றும் நிற்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய தலம் என்ற பெருமையும் அதற்குண்டு. உயிர்ப்பு விழாக் காலத்தில் அங்கே நடக்கும் பாஸ்காவும் தேரும் சமய எல்லை தாண்டி மக்களைக் கூட்டுகின்றன. தச்சங்குறிச்சியில் விண்ணேற்பு அன்னை ஆலயத்தை ஒட்டி நடக்கும் சல்லிக்கட்டு, ஆண்டின் முதல் சல்லிக்கட்டு என்று தமிழ்நாடு முழுக்கப் பேர்பெற்றது. இங்குள்ள பையன்களுக்குக் கோவில் என்பது பூசை நேரத்தோடு முடிவதில்லை. திருவிழா, தேர், காளை, ஊர் என்று அவர்கள் வாழ்க்கையோடு பின்னியிருக்கிறது. இந்தப் பிணைப்பை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட்டு இளையோர் பணியைத் தொடங்க முடியாது.

இயக்கங்கள் தந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்புரட்சி ஊர்களைக் கலைத்துப்போட்டபோது இளையோருக்கெனத் தனி அமைப்புகள் பிறந்தன. 1841இல் தூரின் நகரத்தில் வேலை தேடி வந்து அலைந்த சிறுவர்களை தொன் போஸ்கோ சேர்த்துக்கொண்டார். பகுத்தறிவு, சமயம், பாசம் மூன்றையும் அவர் தம் முறையின் தூண்களாக வைத்தார். தண்டித்துத் திருத்துவதைவிட, தவறுக்கு முன்பே உடன் இருப்பது மேல் என்பது அவர் துணிபு. அவருடைய சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலில் வந்து இறங்கிய இடமும் தஞ்சைதான்; ஆண்டு 1906. லண்டனில் 1844இல் ஒய்.எம்.சி.ஏ.யும் அமெரிக்காவில் 1881இல் கிறிஸ்தவ முயற்சிச் சங்கமும் தோன்றின. பெல்ஜியத்தில் குருவான கார்டைன் 1920களில் இளம் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டினார். நிலைமையை உற்றுப் பார், நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கு, பிறகு செயலில் இறங்கு என்ற அவருடைய முப்படி முறையை நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் ஒய்.சி.எஸ். (இளம் கிறிஸ்தவ மாணவர்) குழுக்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

சீர்திருத்தச் சபைகளில் கோடைக்கால விடுமுறை வேதாகமப் பள்ளி பெரிய அலையாகப் பரவியது. அதில் ஊழியம் செய்த தமிழ் இளைஞர்களின் செபக் குழுக்களிலிருந்துதான் 1959இல் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு பிறந்தது. வட இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பிய அந்த இயக்கத்துக்கு வெளிநாட்டார் யாரும் அடிக்கல் நாட்டவில்லை. விடுமுறையில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாலிபர்களே அதை ஆரம்பித்தார்கள்.

இந்த வரலாறு முழுக்க ஓர் உண்மை தொடர்ந்து வருகிறது. இளையோர் கேட்பவர்களாக மட்டும் அமர்த்தப்பட்ட இடங்களில் வேலை விரைவில் ஓய்ந்தது. அவர்கள் கையில் வேலை கொடுக்கப்பட்ட இடங்களில் இயக்கம் பிறந்தது.

இன்று நடப்பது: மூன்று பலங்கள், மூன்று குறைகள்

கத்தோலிக்கப் பங்குகளின் பலம் திருவழிபாடும் திருவிழாவும். பீடச்சிறுவர், பாடகர் குழு, தவக்காலச் சிலுவைப் பாதை, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை என்று உடம்பாலும் உழைப்பாலும் விசுவாசம் பழகும் வாய்ப்பு இங்கே நிறைய. ஆனால் மறைக்கல்வி பெரும்பாலும் உறுதிப்பூசுதலோடு நின்றுவிடுகிறது. ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிய நாளை, வகுப்பு முடிந்து விடுதலையான நாளாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். புகுமுகமாக இருக்க வேண்டிய அருளடையாளம் விடைபெறும் விழாவாகிவிடுகிறது.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகளின் பலம் திருமறையறிவும் பாடலும். திடப்படுத்தல் வகுப்பில் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் பொருளோடு படிக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளித் தேர்வுகள், வசனப் போட்டிகள், கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் முதல் நற்கருணை எடுத்த பிள்ளை அடுத்துச் சேர வேண்டிய வாலிபர் சங்கத்தில், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களே பொறுப்புகளில் இருப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு அங்கே தோழியும் இல்லை, பேச இடமும் இல்லை. சபைத் தேர்தல் பூசல்கள் வாலிபர் சங்கத்துக்குள்ளும் நுழைந்துவிட்டால் பிள்ளைகள் சொல்லாமலே விலகிவிடுகிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளின் பலம் நெருக்கம். போதகருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், வீட்டுக் கஷ்டமும், தேர்வுத் தேதியும் தெரியும். சொந்தத் தீர்மானத்தோடு ஞானஸ்நானம் எடுப்பதால் விசுவாசம் தன்னுடையது என்ற உணர்வு பிள்ளைக்கு வருகிறது. கீபோர்டு வாசிக்கவும் சாட்சி சொல்லவும் பதினாறு வயதிலேயே இடம் கிடைக்கிறது. ஆனால் உணர்ச்சி தணிகிற நாளில் தாங்கிப் பிடிக்கும் படிப்பும் மரபும் சில இடங்களில் மெலிந்திருக்கின்றன. மதிப்பெண் குறைந்தால் விசுவாசம் குறைந்தது என்று பிள்ளை தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இந்த ஆபத்து பெந்தெகொஸ்தே சபைகளுக்கு மட்டும் உரியதன்று. மார்ச் மாதத் தேர்வுக்கு முன் பேனாவை ஆசீர்வதித்துத் தரும் எல்லாச் சபைகளும், தேர்வு முடிவு வந்த மறுநாள் தோற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. திருவிழாவின் உயிர்ப்பு, வகுப்பின் தெளிவு, வீடு தேடி வரும் நெருக்கம் மூன்றும் ஒரு பிள்ளைக்கு ஒருசேரக் கிடைக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் கண்டது

அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் பவுலர் 1981இல் வெளியிட்ட நூலில் விசுவாசம் வயதோடு வளரும் படிநிலைகளை வரைந்தார். பதின்பருவத்தில் அது தனக்கு முக்கியமானவர்களின் பார்வையில் உருவாகிறது என்றார். நண்பன், ஆசிரியை, அண்ணன், பாட்டி ஆகியோர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்தே கடவுள் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று பிள்ளை ஊகிக்கிறது. தன் மீது நம்பிக்கை வைத்த பெரியவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு, கடவுள் தன்னை நேசிக்கிறார் என்ற பிரசங்கம் காதில் விழலாம், மனதில் இறங்குவது கடினம்.

சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்பருவத்தினரை ஆராய்ந்து 2005இல் நூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு நமக்கும் உதவும். முதலாவது, பிள்ளைகளின் சமய வாழ்வைப் பெற்றோரைப்போல் வேறு யாரும் பாதிப்பதில்லை. இரண்டாவது, பெரும்பாலான பிள்ளைகள் சமயத்தை எதிர்ப்பதில்லை. தாங்கள் எதை நம்புகிறோம் என்று சொல்லத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. நல்ல பிள்ளையாக இரு, கஷ்டம் வந்தால் கடவுள் உதவுவார் என்பதற்கு மேல் அவர்களிடம் வார்த்தையில்லை. அமெரிக்க நிலவரத்தை அப்படியே புதுக்கோட்டைக்குப் பொருத்த முடியாதுதான். இங்கே குடும்பக் கட்டு இறுக்கமானது, பாட்டியின் செபமாலை இன்னும் சுவரில் தொங்குகிறது. எனினும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நீ ஏன் கிறிஸ்தவன் என்று பள்ளித் தோழன் கேட்டால், எங்க வீட்ல அப்படித்தான் என்ற பதிலுக்கு மேல் வருமா என்பது நம் சபைகள் துணிந்து எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

2018 அக்டோபரில் ரோமையில் ஆயர்கள் மாமன்றம் இளையோரைப் பற்றியே கூடியது. அதைத் தொடர்ந்து 2019 மார்ச் 25இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ திருத்தூது ஊக்கவுரை, உடன் நடக்கும் பெரியவர்களை வலியுறுத்துகிறது. இளையோரை வழிநடத்துகிறவர் குறையற்றவராக இருக்கத் தேவையில்லை, தாமும் மன்னிக்கப்பட்ட மனிதர் என்று அறிந்திருந்தால் போதும் என்பது அதன் கருத்து. பதினைந்து வயதில் 2006இல் இறந்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டது, இந்த வயதிலேயே முழுமையான விசுவாச வாழ்வு இயலும் என்பதற்குத் திருச்சபை தந்த அங்கீகாரம்.

இந்த மண்ணின் கடினமான கேள்விகள்

முதல் கேள்வி சாதி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது மாவட்டமே தலைகுனிந்தது. அந்தச் செய்தியை வாசித்த நம் பிள்ளைகளோடு அடுத்த ஞாயிறு எத்தனை இளையோர் குழுக்கள் அதைப் பற்றிப் பேசின? 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சாதியின் பேரால் வெட்டப்பட்ட பின், தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் பேசியது. கயிறு கட்டிய கையோடு பீடத்தில் மெழுகுதிரி ஏந்தும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை என்றால், அந்த மௌனமும் ஒரு மறைக்கல்விதான். பிள்ளை அதைச் சரியாகவே கற்றுக்கொள்கிறது.

தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சிக்கல் இரட்டிப்பு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமென்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. கல்லூரி விண்ணப்பத்தில் எந்தச் சமயம் என்று எழுதும் நாளில் பதினேழு வயதுப் பிள்ளை தன் விசுவாசத்துக்கும் எதிர்காலத்துக்கும் நடுவே நிற்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கை பங்கின் இளையோர் குழுவரை வந்து சேர வேண்டும். கல்லறையில் பிரிவினை உள்ள ஊரில் ஒன்றிப்பைப் பற்றிய பாட்டுப் பயிற்சி நடத்துவது பிள்ளைகளின் அறிவை அவமதிப்பதாகும்.

இரண்டாவது கேள்வி பெண்பிள்ளைகள். கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தால் கிராமத்துப் பெண்பிள்ளை வர முடியாது. வராததை ஆர்வமின்மை என்று நாம் குறித்துக்கொள்கிறோம். கோலமும் பூவும் அவர்கள் பொறுப்பு, தலைமையும் ஒலிபெருக்கியும் பையன்கள் பொறுப்பு என்ற பங்கீடு இன்னும் மாறவில்லை.

மூன்றாவது, கேள்விகளே ஒரு கேள்வி. பரிணாமம் உண்மையென்றால் ஆதாம் யார், பக்கத்து வீட்டு நல்ல முஸ்லிம் அத்தா நரகத்துக்குப் போவாரா, கஜா புயல் 2018 நவம்பரில் தென்னையை எல்லாம் சாய்த்தபோது செபித்தவர் வீட்டு மரமும் ஏன் விழுந்தது என்று பிள்ளைகள் யோசிக்கிறார்கள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று வாயடைத்தால், அதே கேள்வியைச் செல்பேசியில் தேடிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்ததாகத்தான் லூக்கா சொல்கிறார். விரிவடையும் பேரண்டத்தை 1927இல் முன்மொழிந்த லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்ற ஒரு தகவலே, அறிவியல் படிக்கும் பிள்ளையின் பல பயங்களைப் போக்கும்.

நான்காவது, பிற சமயத் தோழர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேறு சமயத்தவரான மாவட்டத்தில், தன் விசுவாசத்தை வெட்கமில்லாமல் சொல்லவும், தோழனின் விசுவாசத்தை இழிவுபடுத்தாமல் மதிக்கவும் பிள்ளை ஒருசேரப் பழக வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிற வீட்டுப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் சம்மதம் கேட்பது சட்டத்துக்காக மட்டுமன்று, அயலாரை நேசிப்பதன் ஒரு பகுதியாகவும்தான்.

பாதுகாப்பு இல்லாமல் பணி இல்லை

பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு செய்யும் எந்தப் பணியும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. பாலியல் குற்றம் நடந்ததாக அறியும் எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும், மறைப்பதே குற்றம் என்கிறது அச்சட்டம். சபையின் நற்பெயருக்காக உள்ளேயே பேசி முடிப்பதற்கு அதில் இடமில்லை, நற்செய்தியிலும் இடமில்லை. எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, முகாமுக்கு ஆண், பெண் பொறுப்பாளர் இருவரும் வேண்டும், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இரவில் தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல் கூடாது என்ற எளிய விதிகள் கோவில் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416 இரண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு விசுவாசக் குறைவன்று. அதற்குச் செபமும் தேவை, மருத்துவரும் தேவை.

என்ன செய்யலாம்?

புதுக்கோட்டைக்குச் சொந்தமான ஒரு முன்மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. 1991, 92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம் ஊதியம் வாங்காத தொண்டர்களின் தோள்மேல் நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர், தெருவிளக்கின் கீழும் கோவில் திண்ணையிலும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் அதே வேகத்தில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். பெரிய கட்டடமோ பேரறிஞர்களோ தேவைப்படவில்லை. சிறு குழு, அதே ஊர்க்காரர் ஒருவர், விடாத சந்திப்பு என்ற மூன்றும் போதுமாக இருந்தன. சிதறிக் கிடக்கும் நம் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

இந்த வழியில் சபைகள் உடனே எடுக்கக்கூடிய முடிவுகள் சில.

உறுதிப்பூசுதலோ திடப்படுத்தலோ பெறும் ஒவ்வொரு ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரு பெரியவர், பதினெட்டு வயதுவரை உடன் நடப்பவராக, அதே ஆராதனையில் நியமிக்கப்படட்டும். ஞானப்பெற்றோர் என்ற அழகான மரபு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதற்கு உயிர் கொடுப்பதே இது. அந்தப் பெரியவருக்கு இறையியல் பட்டம் வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்கவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், பாதுகாப்பு விதிகளைக் காக்கவும் தெரிந்தால் போதும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தருவதும் அவர் ஊழியம்தான்.

பெற்றோருக்கென ஆண்டுக்கு இரண்டு கூட்டங்கள் நடக்கட்டும். பிள்ளையோடு இரவில் பத்து நிமிடம் சேர்ந்து வாசித்துச் செபிக்கும் வீடு, ஆயிரம் ரூபாய் கட்டி அனுப்பும் முகாமைவிட வலிமையானது.

பதினாறு வயதில் உண்மையான பொறுப்பு கொடுங்கள். சிறுவர் வகுப்பு நடத்துவது, நோயாளிகளைச் சந்திப்பது, திருவிழாக் கணக்கு எழுதுவது, பங்குப் பேரவையிலும் சபைக் குழுவிலும் வாக்குரிமையோடு அமர்வது, வாசகமும் மன்றாட்டும் எழுதுவது எல்லாம் அவர்களால் முடியும். பாதிப் பொறுப்புகள் பெண்பிள்ளைகளுக்கு. கூட்டம் பகல் வெளிச்சத்தில்.

ஐந்தாறு பிள்ளைகள் மட்டுமே உள்ள ஊர்களில் கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபையினர், பெந்தெகொஸ்தேயினர் மாதம் ஒருமுறை சேர்ந்து கூடட்டும். அருளடையாளங்களில் வேறுபாடு உண்டு, அதை மறைக்க வேண்டாம். திருமறை வாசிப்புக்கும், ஏழைகளுக்கான உழைப்புக்கும், சாதிக்கு எதிரான உறுதிமொழிக்கும் அந்த வேறுபாடு தடையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருச்சிக்கோ திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகும் பிள்ளையை, அங்குள்ள சபையில் ஒருவரிடம் பேசி ஒப்படைத்து அனுப்புங்கள். பாஸ்போர்ட்டும் சான்றிதழும் சரிபார்க்கும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வேலை? மாவட்டத்துக் கிறிஸ்தவர்களில் பதின்பருவத்தினர் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டாயிரம் பேர் அளவு வரும். ஐந்து பேருக்கு ஒருவர் என்றால் எல்லாச் சபைகளும் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறு பெரியவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுபதாயிரம் பேரில் ஆசிரியைகள், செவிலியர்கள், ஓட்டுநர்கள், விவசாயிகள், ஓய்வுபெற்ற எழுத்தர்கள் என்று அந்த எண்ணிக்கை நிச்சயம் இருக்கிறது. அவர்களில் பலரை இதுவரை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த உறுதிப்பூசுதலுக்கும் திடப்படுத்தலுக்கும் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது, பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இன்னொரு பத்தியையும் போடுங்கள்: உடன் நடப்பவர் பெயர். அந்தப் பத்தி நிரம்பிய பிறகு ஆயரை அழையுங்கள்.